கீசரைக் கழற்ற வைத்தது எது?

கீசரை யாரும் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. தொட்டி துருப்பிடித்து ஒழுகும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் காயில் போய்விடும். மறுநாளே கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு நாட்டின் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தை விட்டு வெயிலுக்கு மாறியது எப்படி? அதுதான் இஸ்ரேலின் கதை. ஆனால் அதற்கு முன், இதற்கு நேர் எதிராக வெயிலிலிருந்து மின்சாரத்துக்குப் போன அமெரிக்காவின் மயாமி நகரைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் தண்ணீர் காய வைப்பது புதிய யோசனை இல்லை. 1891ல் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப், கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்த கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே குறை, ராத்திரியில் தண்ணீர் ஆறிவிடும். 1909ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி இதைச் சரி செய்தார். வெயிலில் காயும் குழாய்களைக் கீழேயும், தொட்டியை மேலேயும் தனித்தனியாக வைத்தார். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். மோட்டாரே தேவையில்லை! தொட்டியைச் சுற்றி சூடு போகாத உறை இருந்ததால் மறுநாள் காலையிலும் சுடுதண்ணீர் கிடைத்தது.

இந்த வகைக் கருவி மயாமியில் நன்றாக விற்றது. 1941 வாக்கில் நகர மக்களில் பாதிப் பேருக்கு மேல் வெயிலில் காய்ந்த தண்ணீரைத்தான் பயன்படுத்தினார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பிறகு உலகப் போர் வந்தது. தாமிரம் ராணுவத்துக்குப் போனது. போர் முடிந்தபின் தாமிரத்தின் விலை ஏறியது, மின்சாரத்தின் விலை இறங்கியது. பழைய சூரியத் தொட்டி ஒழுகியபோது அதைப் பழுது பார்க்காமல் மின்சார ஹீட்டரை மாட்டிக்கொண்டார்கள். வெயில் மட்டும் அப்படியேதான் இருந்தது!

இனி இஸ்ரேல். 1948ல் உருவான அந்த நாட்டில் எரிபொருளுக்குக் கடும் தட்டுப்பாடு. 1950களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீடுகளில் தண்ணீர் சூடாக்க அரசு தடையே போட்டது. அந்த நெருக்கடியில்தான் லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளர் 1953ல் 'நேர்யா' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சூரிய ஹீட்டர்களை விற்றார். 1955ல் ஹாரி டேபர் என்ற விஞ்ஞானி, வெயிலை நன்றாக உறிஞ்சி, சூட்டை எளிதில் வெளியே விடாத கறுப்புப் பூச்சைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்.

கருவி தயார். ஆனாலும் மக்கள் மொத்தமாக மாறிவிடவில்லை. 1967 போரில் சினாய் எண்ணெய்க் கிணறுகள் இஸ்ரேலின் கைக்கு வந்ததும் எரிபொருள் தாராளமாகக் கிடைத்தது, சூரிய ஹீட்டர் மீதிருந்த ஆர்வமும் குறைந்தது. 1973ல் உலகெங்கும் எண்ணெய் விலை எகிறியபோது மறுபடியும் அதே கருவியைத் தேடினார்கள். 1980ல் சட்டமே வந்தது. மிக உயரமான கட்டடங்கள் தவிர, புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளிலும் சூரிய ஹீட்டர் கட்டாயம். 2000களில் சுமார் 85 சதவீத வீடுகளில் அது வந்துவிட்டது. மேகமூட்டமான நாட்களுக்காகத் தொட்டிக்குள் ஒரு மின்சாரக் காயிலும் இருக்கும். பழைய கீசர் முழுதாகப் போய்விடவில்லை, துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு இடத்திலும் வெயிலுக்குக் குறைவில்லை. கருவி வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். மாறியது விலையும் சட்டமும். தொட்டி ஒழுகும் நாளில் கடையில் எது மலிவாகவும் உடனேயும் கிடைக்கிறதோ அதைத்தான் மக்கள் வாங்குவார்கள். அதனால் அந்த நாளில் என்ன கிடைக்கும் என்பதை அரசும் சந்தையும் பல வருடங்களுக்கு முன்பே தீர்மானித்துவிடுகின்றன. யோசித்துப் பாருங்கள்... உங்கள் வீட்டு கீசர் நாளைக்கே ஒழுகினால் எதை வாங்குவீர்கள்?