அனுப்ப ஆள் இருந்தது, அங்கி இருக்கவில்லை

யுத்த வரலாறு வாசிக்கிற நேரம் நாங்கள் பெரும்பாலும் பார்ப்பது வரைபடங்களைத்தான். எந்தப் படை எந்தப் பக்கத்தால் வந்தது, எந்த நகரம் எப்ப விழுந்தது, கடைசியில் யார் வென்றது. களஞ்சியத்தில் எத்தனை அங்கி இருந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பது குறைவு. ஆனால் ஒரு அரசு தன்ர சிப்பாயின் உயிரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அந்தக் களஞ்சியக் கணக்கு நல்லாகவே காட்டிவிடும். 2003 இல் ஈராக்குக்குள் போன பிரித்தானிய, அமெரிக்கப் படைகளின் கதையை அப்படி ஒருக்கா வாசித்துப் பார்ப்போம்.

ஆக்கிரமிக்கப் போன சிப்பாய்களுக்காக நாங்கள் ஏன் கவலைப்பட வேணும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டித்தான் அந்த யுத்தமே தொடங்கியது. அதில் செத்த ஈராக்கியச் சனத்துக்கு ஒரு அங்கியும் இருக்கவில்லை. இதில் எதையும் மறந்துவிட்டுக் கதைக்கத் தேவையில்லை. சொந்தப் பிள்ளைகளையே இப்படி அனுப்பிய ஒரு அரசு அதை எப்படித் தீர்மானித்தது, பிறகு எப்படிப் பொறுப்பிலிருந்து நழுவப் பார்த்தது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

2003 மார்ச் 20 ஆம் திகதி ஆக்கிரமிப்புத் தொடங்கியது. நான்கு நாள் கழித்து, பஸ்றாவுக்குத் தென்மேற்கே அஸ் சுபைர் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சோதனைச் சாவடியில் சார்ஜன்ட் ஸ்டீவன் றொபேட்ஸ் கொல்லப்பட்டார். யுத்த தாங்கி ஒன்றின் கட்டளையாளர், வயது 33. கல்லோடு வந்த ஒரு ஈராக்கியரைச் சுடப் போன நேரம் அவருடைய கைத்துப்பாக்கி இறுகிவிட்டது. அவரைக் காப்பாற்ற, தாங்கியில் இருந்த இயந்திரத் துப்பாக்கியால் சக சிப்பாய் சுட்டார். கிட்டத் தூரத்தில் குறி தவறுகிற துப்பாக்கி அது. ரவைகள் இரண்டு பேரிலும் பட்டன. இரண்டு பேரும் செத்தார்கள்.

றொபேட்சிடம் முதலில் ஒரு குண்டு துளைக்காத அங்கி இருந்தது. எல்லாருக்கும் காணாது, காலாட்படைக்குத்தான் முதலில் தேவை என்று சொல்லி, சாவதற்குச் சில நாட்களுக்கு முன் அதைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். அந்த அங்கியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கெவ்லார் இழையால் செய்த ஒரு உறை, நெஞ்சுப் பக்கமும் முதுகுப் பக்கமும் செருகுகிற செரமிக் தகடுகள், அவ்வளவுதான். உறை வெடிச் சிதறல்களைத் தாங்கும். துவக்கு ரவையை நிறுத்துவது தகடுதான். அதைப் போட்டிருந்தால் றொபேட்ஸ் உயிர் தப்பியிருப்பார் என்று இராணுவத்தின் சொந்த விசாரணைச் சபையே 2006 இல் சொன்னது. அவர் மனைவிக்காக ஒலிநாடாவில் பதிந்து வைத்த நாட்குறிப்பில் தளபாடத் தட்டுப்பாட்டைப் பற்றி மனம் கசந்து பேசியிருந்தார். அவர் செத்த பிறகு அந்தக் குரலை முழு நாடுமே கேட்டது.

சரி, அங்கி ஏன் காணாமல் போனது? நேரம் இருக்கவில்லையா? இருந்தது. மேலதிக அங்கிகள் வேணும் என்ற கோரிக்கை 2002 செப்டெம்பரிலேயே பாதுகாப்பு அமைச்சுக்குப் போய்விட்டது. அமைச்சர் ஜெஃப் ஹூன் அனுமதி கொடுக்கும்போது நவம்பர் ஆகியிருந்தது. ஏறக்குறைய எட்டுக் கிழமை. அந்த நாட்களில் பிரித்தானியா ஐக்கிய நாடுகள் சபையில் ஈராக் பற்றிப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சமாதான வழி தேடுவதாகச் சொல்லிக்கொண்டு மறுபக்கம் ஆயிரக்கணக்கில் அங்கி வாங்கினால், யுத்தம் முடிவாகிவிட்டது என்று சனம் நினைக்கும் என்ற பயம். வெளியே தெரிகிற ஆயத்தங்கள் அந்தப் பேச்சுவார்த்தையைக் குழப்பும் என்ற கவலை இருந்ததை ஹூனே 2010 இல் சில்கொட் விசாரணைக் குழுவின் முன் சொன்னார். அதாவது, அரசாங்கத்தின் முகம் கெடாமல் இருக்க வேணும் என்பதற்காக சிப்பாயின் நெஞ்சு காத்திருக்க வேண்டியதாயிற்று. 2006 டிசம்பரில் றொபேட்சின் மரண விசாரணையை முடித்த அதிகாரி, இந்தத் தாமதத்தை மன்னிக்க முடியாதது என்றும், சிப்பாய்கள் அரசில் வைத்த நம்பிக்கையை முறித்த செயல் என்றும் கண்டித்தார்.

இன்னொரு விசயமும் இருக்கு. 1999 கொசோவோ நடவடிக்கைக்குப் பிறகு ஏறக்குறைய 200,000 அங்கிகள் வழங்கப்பட்டிருந்தன, அவை எங்கே போனதென்றே தெரியவில்லை என்று பிரித்தானியத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2003 டிசம்பரில் அறிக்கை விட்டது. எந்தக் கொள்கலனுக்குள் என்ன இருக்கு, அது இப்ப எங்கே நிற்கிறது என்று பின்தொடர ஒழுங்கான முறை ஒன்று இருக்கவில்லை. இரண்டு இலட்சம் அங்கி வாங்கிய நாடு, முன்வரிசையில் நின்ற ஒருவரிடமிருந்து அங்கியைக் கழற்றி வாங்கியது.

அமெரிக்கப் பக்கமும் இதே கதைதான், அங்கே பிரச்சினை வாகனத்தில் வந்தது. ஈராக்கில் ஓடிய ஹம்வி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆரம்பத்தில் கவசம் இருக்கவில்லை. தெருவோரக் குண்டுகள் அந்தத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயின. 2004 டிசம்பர் 8 ஆம் திகதி, குவைத்தில் இருந்த ஒரு முகாமுக்குப் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் றம்ஸ்பெல்ட் வந்தார். எங்கட வண்டிக்குப் பூட்ட நாங்கள் ஏன் குப்பை மேட்டில் இரும்புத் துண்டு பொறுக்க வேணும் என்று ஒரு சிப்பாய் எழும்பிக் கேட்டார். கூட இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். இது காசுப் பிரச்சினை இல்லை, உற்பத்தி செய்கிற வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கு, கையில் இருக்கிற படையோடுதான் யுத்தத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். ஆனால் கவச ஹம்வி செய்துகொடுத்த ஆர்மர் ஹோல்டிங்ஸ் நிறுவனம், மாதத்துக்கு 450 என்ற உற்பத்தியை 550 ஆகக் கூட்ட ஏலும் என்று அந்த நாட்களிலேயே சொல்லிவிட்டது. தொழிற்சாலை தயாராக இருந்தது. அந்தக் கேள்வி எழும்பிய பிறகுதான் கூடுதல் வண்டிக்கு இராணுவம் கேட்டது.

பிரித்தானியாவிடம் இருந்தது ஸ்னாச் என்ற லாண்ட் றோவர். வட அயர்லாந்துத் தெருக்களில் கல்லையும் சிறு ஆயுதங்களையும் சமாளிக்கச் செய்த வண்டி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வண்டிக்குள் 30 இற்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘ஓடும் சவப்பெட்டி’. 2005 இல் அல் அமாறாவில் மகனை இழந்த ஒரு தாயும் வேறு குடும்பங்களும் வழக்குப் போட்டார்கள். யுத்தகளத்தில் எடுக்கிற முடிவுகளை நீதிமன்றம் கிண்டக்கூடாது, அப்படிக் கிண்டினால் தளபதிகள் பயந்து பயந்துதான் கட்டளையிடுவார்கள் என்பது அரசின் வாதம். இந்த வாதத்தில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. ரவை பறக்கிற நேரம் எடுத்த முடிவை, பத்து வருசம் கழித்து மேசையில் இருந்துகொண்டு எடைபோடுவது கஷ்டம்தான். ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்று முடிவெடுப்பவர் ரவைக்கு நடுவில் நிற்கவில்லை. அவர் அலுவலகத்தில் இருக்கிறார், நாட்காட்டி அவருக்கு முன்னால் தொங்குகிறது. இந்த வித்தியாசத்தை உயர் நீதிமன்றம் 2013 ஜூன் 19 ஆம் திகதி ஏற்றுக்கொண்டு, வழக்கை நடத்த வழிவிட்டது.

2016 இல் வந்த சில்கொட் அறிக்கை, தெருவோரக் குண்டுகளின் ஆபத்துக்கு அமைச்சு மந்தமாகவே முகங்கொடுத்தது, பாதுகாப்பான வண்டிகள் வந்துசேர்வதில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கவே கூடாது என்றது. இப்படியான குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்வது யாருடைய வேலை என்பதே அமைச்சுக்குள் தெளிவாக இருக்கவில்லை என்றும் எழுதியது. அந்தத் தாய்க்குப் பாதுகாப்பு அமைச்சர் மைக்கல் ஃபலன் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியது 2017 இல். மகன் செத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து.

‘தட்டுப்பாடு’ என்ற சொல்லைக் கேட்டால் மழை பெய்யாததுபோல, யாரும் செய்யாத ஒன்று தன்பாட்டில் நடந்ததுபோல இருக்கும். மேலே பார்த்த மூன்று இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ஒரு இடத்தில் கோரிக்கை மேசையில் கிடந்தது, ஒரு இடத்தில் தொழிற்சாலை சும்மா காத்திருந்தது, ஒரு இடத்தில் பழைய வண்டியே போதும் என்று விட்டார்கள். ஆகவே இந்தச் சொல்லை இனி எங்கே வாசித்தாலும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எப்பொழுது கேட்டார்கள்? யார் பிடித்து வைத்தது? அதற்குப் பதிலாக எதைக் காப்பாற்றினார்கள்?

அதே சில்கொட் அறிக்கையில் ஈராக்கியப் பொதுமக்களைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கு. எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அறிய அரசாங்கம் இன்னும் முயன்றிருக்க வேணும், அதன் அக்கறை தன்மேல் வந்த குற்றச்சாட்டை மறுப்பதிலேயே இருந்தது என்று அந்தப் பகுதி சொல்கிறது. சொந்தச் சிப்பாய்க்கு எட்டுக் கிழமை பிந்திய அரசு, அஸ் சுபைர் சாவடியில் அவரோடு சேர்ந்து செத்த அந்த மற்ற மனிசனை எந்தக் கணக்கில் எழுதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.