மாரடைப்பு: கொழுப்பு மட்டுமா வில்லன்?

மாரடைப்புன்னாலே கொழுப்புதான் வில்லன்னு கேட்டே வளர்ந்தவன் நான். ஆனா 1850களிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ, தமனிச் சுவரில் நடப்பது அழற்சி என்று எழுதிவிட்டார். அது பெரிதாக எடுபடவில்லை.

1913ல் ரஷ்யாவின் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதைக் காட்டினார். பின்னாளில் பேச்செல்லாம் கொலஸ்ட்ராலைச் சுற்றித்தான். பொய்யில்லை, ஆனா பாதிக் கதை.

2017ல் கேன்டாஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாம அழற்சியை மட்டும் தணித்த மருந்து மாரடைப்பைக் குறைத்தது. 2020ல் வந்த அமெரிக்க ஆய்வு சுமார் 2,10,000 பேரை 32 வருஷம் வரை கவனித்தது. பதப்படுத்திய இறைச்சி, மைதா, சர்க்கரை பானம்னு அழற்சியைத் தூண்டும் சாப்பாடு அதிகம் சாப்பிட்டவங்களுக்கு இதயநோய், பக்கவாத ஆபத்து 38% கூடுதல்.

ஃபிர்கோ சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள நூத்தம்பது வருஷம்! இனிமே 'எண்ணெய் இல்லையே'ன்னு மைதா பிஸ்கட்டை எடுக்கும்போது கொஞ்சம் யோசிங்க மக்களே.