பெரிய கோயிலின் இருண்ட சுற்று

எகிப்து நாட்டுப் பிரமிட்டுகளுள் அடைபட்டுக் கிடக்கும் வழிகளைப் பற்றிக் கேட்டால் நம் இளைஞர்க்கு ஆவல் பொங்குகிறது. நம் சைவ உலகிலேயே அத்தகைய வழியொன்று, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துள் உண்டென்பதை எத்தனை பேர் அறிவர்?

முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அவ்விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமானது. வெளியே நின்று பார்ப்பவர்க்கு அது ஒரே கற்குன்று. உள்ளேயோ கருவறையைச் சூழ இரண்டு பெருஞ் சுவர்கள்; அவற்றின் இடையே ஒடுங்கிய சுற்று ஒன்று. மேற்றளத்திலும் அவ்வாறே ஒரு சுற்றுண்டு. நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81ஐச் சிவபெருமானே ஆடிக் காட்டும் சிற்பங்களை அங்கே காணலாம். எஞ்சியவற்றுக்குரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. (இக்கோயிற் கல்வெட்டொன்று, ஈழத்து ஊர்கள் சில இதற்கு நிவந்தமாக விடப்பட்டதைக் கூறுகிறது. நம் கீழ்க்கரைக் கொட்டியாரத்தின் பெயரும் அதில் வருகிறது. ஆகவே இது அயலார் கதையன்று.)

கீழ்ச் சுற்று நெடுங்காலம் இருண்டே கிடந்தது. 1931ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் சிறிய பெற்றோமக்ஸ் விளக்கொன்றுடன் அதனுள் நுழைந்தார். சோழர் காலத்து ஓவியத்தை எதிர்பார்த்துச் சென்றவருக்கு முதலிற் கிடைத்தது ஏமாற்றமே. சுவரில் இருந்தவை பிற்காலத்து நாயக்கர் ஓவியங்கள். அருகிற் சென்று நோக்கினார். மேற்பூச்சு வெடித்திருந்தது; தொட்டவுடன் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், உள்ளிருந்து வேறொரு சித்திரம் எட்டிப் பார்த்தது!

அதுவே இராசராசன் காலத்து ஓவியம். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தில் ஓலையுடன் வந்து வழக்குரைக்கும் முதியவர். திகைத்து நிற்கும் சபையோர். வெள்ளை யானையிற் கயிலை செல்லும் சுந்தரர். குதிரையிற் செல்லும் சேரமான் பெருமாள். சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே இக்கதை சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. என் மட்டில், பொற்குவியல் கிடைத்திருந்தாலும் இதற்கு ஈடாகாது. சென்னை அரும்பொருட் சாலையின் இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் அவர்கள் பின்னர் ஆராய்ந்து, ஈரஞ் சுவறாத சுண்ணச் சாந்தின்மீது தீட்டும் முறையில் இவை வரையப்பட்டவை எனக் கண்டார். சாந்து காயுமுன் தீட்டி முடித்துவிட வேண்டும். பிழை திருத்த இடமில்லை.

இனித்தான் சிக்கல் எழுகிறது. கீழே சோழர் ஓவியம். மேலே நாயக்கர் ஓவியம். ஒன்றைக் காண மற்றொன்றைச் சுரண்டி எறிவதா? நாயக்கர் கைவேலை அழகிற் குறைந்தது என்போர் உளர். குறைந்தாலும் அதுவும் முன்னோர் பக்தியின் சுவடன்றோ?

எகிப்திலே 1837ஆம் ஆண்டில் ஹவார்ட் வைஸ் என்னும் ஆங்கிலத் தளபதி, குபு மன்னனின் பிரமிட்டுள் வெடிமருந்து வைத்துக் கல்லைப் பிளந்தே மேலறைகளை அடைந்தார். அறைகளில் மன்னன் பெயரெழுதிய குறிப்புகள் அகப்பட்டன. ஆயினும் பிளந்த கல் பிளந்ததே. அதே பிரமிட்டில் 2023ஆம் ஆண்டு வெளிப்படுத்தப்பட்ட ஒன்பது மீற்றர் நீள வழியையோ, விண்ணிலிருந்து வரும் நுண்துகள்களைக் கருவிகளால் அளந்து முன்னரே உணர்ந்து, கல்லிடுக்கின் வழியே மெல்லிய கமராவைச் செலுத்திக் கண்டார்கள்.

தஞ்சையிலும் பொறுமையே கைகொடுத்தது. இந்தியத் தொல்லியற் துறையினர் நாயக்கர் ஓவியப் படலத்தைச் சாந்தோடு சிறுகச் சிறுகப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டினர். மேலோவியமும் பிழைத்தது, கீழோவியமும் வெளிப்பட்டது.

நம் ஊர்களிலே கும்பாபிஷேகம் நெருங்கினால் என்ன நடக்கிறது? பழைய சுவரைச் சுரண்டு, புதுப் பெயின்ற் அடி என்பதே முதற் பேச்சு. நானும் அதற்குத் தலையாட்டியவன்தான். சுரண்டுமுன் ஒரு படம் பிடித்து வைப்போம் என்றுகூட அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழ்ச் சுற்றுக்குள் இன்றும் பொதுமக்களை விடுவதில்லை. மூச்சின் ஈரமும் விளக்கின் சூடும் வண்ணத்துக்கு ஆகா. தஞ்சைக்கு யாத்திரை போகும் நம் அன்பர்கள், கோயில் வளாகத்துக் காட்சிக் கூடத்திலுள்ள படங்களிலே சேரமானின் குதிரையைத் தேடிப் பார்க்கலாம்.