தரவளைக் கழகமும் மலைநாட்டுப் பந்தாட்டமும்

வரலாறு அரண்மனையிலும் போர்க்களத்திலும் மாத்திரம் நிகழ்வதன்று. மாலை வேளையில் மக்கள் கூடும் விளையாட்டு மைதானத்திலும் நிகழ்கின்றது. மலைநாட்டில் ஹட்டன் நகரை அடுத்த டிக்கோயாப் பகுதியில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த தரவளை மைதானம் இதற்குத் தக்க சான்றாகும்.

டிக்கோயா மஸ்கெலியாக் கிரிக்கெட் கழகம் 1868ஆம் ஆண்டிலே தோன்றியது. அக்காலத்தில் மலைநாட்டின் பெரும்பயிர் கோப்பியேயன்றித் தேயிலையன்று. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிடத் தொடங்கியது அதற்கு முந்திய ஆண்டிலேதான். 1869இல் கோப்பி இலைகளைப் பற்றிய பூஞ்சண நோய் சில பத்தாண்டுகளுள் அப்பயிரை அழித்தது; பொருளிழந்து தோட்டங்களை விட்டகன்றோர் பலர். எனினும் கோப்பிக் காலத்திற் பிறந்த கழகம் கோப்பியோடு மடியாது தேயிலையோடு வளர்ந்தது. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தனித்தனி மலைகளில் வாழ்ந்த தோட்டத் துரைமார் ஒன்றுகூடுதல் இதனால் எளிதாயிற்று. 1856இல் அமைந்த டிம்புளக் கழகம் ரதல்ல மைதானத்தைத் தன் இருப்பிடமாகக் கொண்டு தரவளைக்கு அயற்கழகமாய் விளங்கிற்று.

பந்தாட்டம் என்னும் பெயர் இங்கிலாந்தில் ஒருகாலத்தில் இருவகை ஆட்டங்களுக்கும் பொதுவாய் வழங்கியது. காலால் உதைத்தாடும் ஆட்டத்திற்கு 1863இலும், பந்தைக் கையிலேந்தி ஓடும் றகர் ஆட்டத்திற்கு 1871இலும் ஆங்கே தனித்தனிச் சங்கங்கள் அமைந்தன. மலைநாட்டுத் துரைமார் பெரிதும் விரும்பியது றகரையே. இலங்கையில் அதற்கென ஒரு சங்கம் 1908இல் நிறுவப்பட்டது. தேசாதிபதியின் மனைவியார் கிளிபர்ட் சீமாட்டி வழங்கிய கிண்ணத்திற்காக 1926 முதல் மலைநாட்டணியும் கீழ்நாட்டணியும் பொருதின. 1950 முதல் அது கழகங்களுக்கிடையேயான போட்டியாயிற்று.

மலைச்சரிவிற் சமதளம் தானாக அமைவதில்லை. மண்ணை வெட்டி நிரவினாலன்றி அங்கே மைதானம் இல்லை. தோட்டங்களில் மண் வெட்டியவர் யாவர்? தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே. ஆயினும் குடியேற்றக் காலத்தில் துரைமார் கழகங்களின் வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை.

லயத்து இளைஞரோ உதைபந்தாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அதற்கு வேண்டியவை ஒரு பந்தும் ஒரு சிறு வெளியுமே. தொழிற்சாலைப் பக்கத்திலும், பாடசாலை முற்றத்திலும், கோவில் வெளியிலும் அவர்கள் ஆடினர். தோட்டத்துக்குத் தோட்டம் அணிகள் எழுந்தன. தோட்டத்தின் பெயரே அணியின் பெயருமாயிற்று. ஆனால் அவர்கள் ஆடிய நிலமும், உறங்கிய லயமும் அவர்களுடையனவல்ல.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய் ஏற்க இசைந்தன. அணி என்பது பதினொருவர் கூட்டம். ஒரு லயத்திலிருந்து சில குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின், முன்னின்று ஆடியவனும் பந்து காத்தவனும் உடன் போயினர். எஞ்சியோர் புதிதாய்த் தொடங்க வேண்டியதாயிற்று.

துரைமாரும் நிலைத்தாரல்லர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆங்கிலக் கம்பனிகளின் காலம் முடிந்தது. ஆட்டக்காரர் மாறினும், தனக்கென மைதானமும் மண்டபமும் பெற்றிருந்தமையால் தரவளைக் கழகம் தன் பெயரைக் காத்துக்கொண்டது. லயத்து அணிகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. திறமையாலன்று, நிலத்தாலேயே இவ்வேறுபாடு விளைந்தது.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. நோர்வூட்டிலே சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரால் ஒரு விளையாட்டரங்கும் எழுந்துள்ளது. ஒரு மக்களுக்குச் சொந்த மண் உண்டாயின், அவர்தம் கழகங்களும் நிலைபெறும். அதுவரை அவற்றின் வரலாறு முதியோர் நினைவிலேயே வாழ்கின்றது. மலைநாட்டுப் பாடசாலைகளிற் கற்பிப்போரும் கற்போரும் அந்நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்பாராயின், தரவளையின் ஏட்டருகே லயத்து இளைஞரின் ஏடும் இடம்பெறும். அதுவே மலைநாட்டு வரலாற்றை நிறைவாக்கும் பணியாகும்.