பார்வையற்ற பூனையும் நஹ்வு அறிஞரும்

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பூனைக்குட்டி வந்து ஒதுங்கிற்று. இரு கண்களும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தன. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பார்வை திரும்பாது, நாள்தோறும் மருந்திட வேண்டும், வெளியே விட்டால் பிழைக்காது என்றார். "வச்சுக்குவோமா வாப்பா?" என்று இளைய மகள் கேட்டாள். எலி பிடிக்கவும் வகையற்ற பூனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுவிட்டேன். கேட்ட மாத்திரத்தில், பல்லாண்டுகளாக நஹ்வு ஓதிக் கொடுத்து வரும் எனக்கு அந்தக் கலையின் பெரியார் ஒருவருடைய நினைவு வந்து நெஞ்சில் உறைத்தது.

தாஹிர் இப்னு அஹ்மத் என்பது அவர் பெயர். இப்னு பாபஷாத் என்றால்தான் அரபு இலக்கண உலகம் அறியும். ஸஜ்ஜாஜீயின் 'ஜுமல்' நூலுக்கு உரை கண்டவர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், ஃபாத்திமிய்யாக்கள் எகிப்தை ஆண்ட காலத்தில், அரசாங்கக் கடிதங்கள் வரையப்படும் 'தீவானுல் இன்ஷா'வில் அவருக்கு ஓர் அரிய பதவி இருந்தது. எந்தக் கடிதமானாலும் அவர் பார்வையிட்டு, இலக்கணப் பிழையிருந்தால் திருத்திய பிறகே வெளியே செல்லும். இதற்காக அரசாங்கக் கருவூலம் அவருக்குச் சம்பளம் வழங்கிற்று. பிழை திருத்துவோருக்கு அத்தகைய மரியாதை இருந்த காலம் அது!

ஒருநாள் அவர் பழைய மிஸ்று நகரப் பள்ளிவாசலின் மேல்தளத்தில் நண்பர்களோடு அமர்ந்து உணவருந்திக் கொண்டிருந்தார். ஒரு பூனை வந்தது. ஒரு கவளம் போட்டார்கள். அது வாயில் கவ்விக்கொண்டு போயிற்று. சிறிது நேரத்தில் திரும்பி வந்து நின்றது. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் கவ்விக்கொண்டு மறைந்தது. இப்படியே பலமுறை நடந்தது. ஒரு பூனை இவ்வளவையும் தின்றிருக்க முடியாதே என்று வியந்து அதைப் பின்தொடர்ந்தார்கள். அது ஒரு சுவரேறிக் கூரையைக் கடந்து, பாழடைந்த ஓரிடத்தில் இறங்கிற்று. அங்கே கண்பார்வையற்ற மற்றொரு பூனை கிடந்தது. கொண்டுபோன கவளங்களெல்லாம் அதன்முன் வைக்கப்பட்டிருந்தன.

வாயில்லாத இந்த ஜீவனுக்கே இன்னொரு பூனையைப் பணியாளாக்கி உணவளிக்கும் இறைவன் என்னைப் போன்றவனைக் கைவிட்டு விடுவானா என்று இப்னு பாபஷாத் தமக்குள் கேட்டுக்கொண்டார். பதவியைத் துறந்தார். பள்ளிவாசலை அடுத்த ஓர் அறையில் ஒதுங்கி இல்முக்கே தம்மை அர்ப்பணித்தார். ஓர் இரவு அறையிலிருந்து மேல்தளத்துக்குச் சென்றவர், வெளிச்சத்துக்காக விடப்பட்டிருந்த திறப்பு ஒன்றில் கால் தவறிக் கீழே விழுந்து உயிர் நீத்தார். அது ஹிஜ்ரி 469, கி.பி. 1077. இச்செய்திகளை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் 'வஃபயாத்துல் அஃயான்' எழுதிய காழி இப்னு கல்லிகான்.

நம் பயான்களில் இந்நிகழ்ச்சி 'தவக்குல்' என்ற தலைப்பிலேயே சொல்லப்படுகிறது. அது சரியே, அந்த அறிஞரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆயினும் குருட்டுப் பூனையின் தவக்குலைப் பேசும் நாம், சுவரேறி நடந்த மற்றப் பூனையைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. தன் பசியை ஒத்திவைத்துவிட்டு எத்தனை நடை நடந்தது! எனக்கு அன்று உறைத்தது அந்தப் பூனையின் நினைவுதான்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் குழந்தைகளுக்கும் தெரியும். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யும் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்ததும், அது உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் உள்ளதென்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதை மருமகளுக்கு எடுத்துரைத்ததும் அறிந்தவையே. ஃபிக்ஹு அறிஞர்கள் இவற்றோடு நிற்கவில்லை. பயனற்றுப்போன பிராணியை என்ன செய்வது என்ற, நான் என் மகளிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

'ஸுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்ட நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், 'கவாஇதுல் அஹ்காம்' என்ற நூலில் மனிதன்மீது விலங்குகளுக்குள்ள ஹக்குகளை எடுத்துரைக்கிறார். அவற்றுக்குரிய செலவைச் செய்வது அவற்றுள் ஒன்று. அந்தப் பிராணி முடமானாலும், நோயுற்று அதனால் இனி எந்தப் பயனும் இல்லையென்றாலும் அந்த ஹக்கு நீங்காது என்கிறார். தருமம் என்ற சொல்லை அவர் இங்கே பயன்படுத்தவில்லை. மாலிக்கீ மத்ஹபினரோ இன்னும் நுணுகிச் சென்றிருக்கிறார்கள். கலீலுடைய 'முக்தஸர்' நூலின் உரைகளில் குருட்டுப் பூனையைப் பற்றியே ஒரு சட்டம் வருகிறது. அது ஒருவர் வீட்டில் வந்து தங்கி, அங்கிருந்து அகன்று செல்ல இயலாததாக இருக்குமானால், அதற்கு உணவளிப்பது அவர்மீது வாஜிபாகும். அகன்று செல்ல இயலுமானால் வாஜிபில்லை. அவர் அதை விலைகொடுத்து வாங்கினாரா, விரும்பி வளர்த்தாரா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை.

இஸ்ஸுத்தீன் அவர்கள் ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்தபோது அரியணையில் இருந்தவர் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ். இப்னு கல்லிகானை டமாஸ்கஸின் தலைமைக் காழியாக்கியவரும் அவரே. கெய்ரோவின் வடக்கே தம் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் பராமரிப்புக்காக அவர் வக்ஃபு செய்தார். மக்கள் அதைப் 'பூனைத் தோட்டம்' என்றே அழைத்தார்கள்.

அந்தத் தோட்டம் என்னவாயிற்று என்பதை, 1830களில் கெய்ரோவில் தங்கியிருந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1836இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். தோட்டம் சீர்கெட்டுவிட்டது, பெருஞ்செலவு செய்தாலன்றி விளையாது என்று காரணம் காட்டிப் பொறுப்பாளர்கள் விற்றார்கள், வாங்கியவர்களும் விற்றார்கள். இறுதியில் ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்தர் நிலவாடகை மட்டுமே பூனைகளுக்கு மிஞ்சிற்று. வக்ஃபு நிலத்தின் இந்தக் கதை எந்த ஊருக்குத்தான் புதிது?

ஆனால் பூனைகள் பட்டினி கிடக்கவில்லை. வக்ஃபுகளுக்கெல்லாம் காவலர் என்ற முறையில், குறைந்த செலவு ஏறக்குறைய முழுவதும் காழியின் தலையில் விழுந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும். பூனைகளை அழைத்து உண்ணவைப்பார்கள். வீட்டில் பூனை வேண்டாமென்று நினைத்தவர்கள் அதைத் தெருவில் எறியாமல் அந்த முற்றத்தில் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். பின்னாளில் இந்த உணவளிப்பும் மிகவும் குறைபட்டதென்று லேன் குறித்திருக்கிறார்.

எங்கள் ஊரில் அப்படியொரு முற்றம் இல்லை. தாழ்வாரத்துக் குட்டியோ படியிறங்கினால் திரும்ப ஏறத் தெரியாமல் கத்துகிறது. அகன்று செல்ல இயலாதது என்ற விதிக்குள் அது ஐயமின்றி அடங்கும். கண்ணுக்கு மருந்து காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. காலையில் மகள் இடுகிறாள். இஷாவுக்குப் பிறகு நான்.