மெழுகு: தரையிலிருந்து திரி வரை

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை யாரும் மெழுகுவதில்லை, துடைக்கிறார்கள். நாள் கிழமை என்றால் தண்ணீரில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பவர்களும் உண்டு. காரைக்குடிச் சீமையில் சிமெண்டுத் தரையும் பூக்கல் தரையும் பரவப் பரவ, "மெழுகு" என்ற வினைச்சொல்லுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. பெயர்ச்சொல்லான மெழுகு மட்டும் மளிகைக் கடைப் பொட்டலத்தில் மெழுகுவர்த்தியாகி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. மண்தரையில் சாணத்தைக் கரைத்துப் பூசுவதும் மெழுகு. தேனடையைப் பிழிந்து உருக்கினால் கிடைப்பதும் மெழுகு. ஒரே சொல் இந்த இரண்டுக்கும் எப்படிப் பொருந்தியது, அது எப்போது வெளிச்சத்தின் பெயரானது என்று தேடிப் போனால், பட்டினப்பாலை தொடங்கி பர்மாவின் எண்ணெய்க் கிணறு வரை நடக்க வேண்டியிருக்கிறது.

மெழுகுதல் வேலையை ஒழித்த கல் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆத்தங்குடிப் பட்டறையில் உலை கிடையாது. சதுரமான இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடிப் பலகை. அதன் மேல், பூ வடிவில் தகட்டை வளைத்துத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்த அச்சை வைக்கிறார்கள். சிமெண்டுடன் கரைத்த சாயத்தை ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் கரண்டியால் ஊற்றுகிறார்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஊற்றி முடித்ததும் அச்சைத் தூக்க வேண்டும். கை நடுங்கினால் இதழ் கலைந்துவிடும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, பிறகு கலவையை அப்பி, அழுத்தி, மட்டம் செய்து காய வைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் கிடந்து கல் இறுகியபின் கண்ணாடி விலகும்போது, அதன் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் நிற்கும். மெருகு போடுகிற வேலையே இல்லை. கல் முழுவதும் தலைகீழாகத்தான் பிறக்கிறது. கீழே இருந்த முகம்தான் பின்னால் மேல்முகம்.

அச்சு என்ற சொல் தமிழில் எல்லாப் பட்டறைக்கும் பொது. அச்சு வெல்லம், அச்சு முறுக்கு, அச்சகம் எல்லாம் அதன் வழிவந்தவை. இடைக்காலக் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கே அச்சு என்று பெயர் உண்டு. மெழுகுவர்த்தி வார்க்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அச்சுக்குள் ஊற்றப்படும் பொருளின் பெயர்தான் சுற்றுவழியில் வந்தது.

உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் சோழனின் பகைவர் நாட்டு அம்பலம் ஒன்று வருகிறது. மகளிர் துறையில் நீராடி வந்து அந்தி விளக்கு ஏற்றுகிறார்கள்; வெளியூரிலிருந்து வந்தவர்கள் அங்கே நட்டிருக்கும் தூணைத் தொழுகிறார்கள். அந்த இடத்தின் பூத்தூவிய, மெழுகிய தரைக்குப் புலவர் தரும் பெயர் "மெழுக்கம்". விளக்கும் மெழுக்கமும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. விளக்கு எரிவது எண்ணெயில். மெழுக்கம் கிடப்பது காலடியில்.

பிற்காலத்தில் இந்த மெழுக்குக்குக் கோயிலில் பெரிய மரியாதை. பண்ருட்டி அருகே திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் விடியுமுன் எழுந்து, அலகிட்டு, பசுஞ்சாணத்தால் திருமெழுக்கிட்ட செய்தியைப் பெரியபுராணம் சொல்கிறது. தம்பி நாவுக்கரசரும் தேவாரத்தில் அந்தத் தொண்டைப் பரிந்துரைக்கிறார். பாட்டோடு நிற்கவில்லை: கோயிலை மெழுகுகிறவர்களுக்காக நிலம் ஒதுக்கி, அதற்குத் "திருமெழுக்குப்புறம்" என்று பெயரும் வைத்தார்கள். தரை மெழுகுவதற்குச் சொத்து எழுதிவைத்த மொழியில், அந்தச் சொல் அடுப்படி வேலையின் பெயராக மட்டும் ஒதுங்கிவிடாதது வியப்பில்லை.

சாணத்துக்கும் தேனடைக்கும் உள்ள உறவு கையில் இருக்கிறது. இரண்டும் கைக்கு இளகும், விரலுக்குப் பரவும், தடவிய இடத்தில் படிந்து காயும். அகராதிகள் மெழுகு என்பதற்குக் கீழே இளகிய பொருள், பிசின் என்றும் பொருள் தருவது இதனால்தான். சித்த மருத்துவம் இந்த வழியிலேயே நடந்திருக்கிறது. ரசகந்தி மெழுகு, இடிவல்லாதி மெழுகு, நந்தி மெழுகு என்று மருந்துகள் உண்டு. சரக்குகளைச் சேர்த்து, கல்வத்தில் மெழுகுப் பதம் வரும்வரை அரைத்தும் இடித்தும் எடுப்பதால் அந்தப் பெயர். மெழுகு இங்கே ஒரு பதம். வீட்டுப் பேச்சில் உயிரோடு இருப்பது இன்னொன்று: பூசி மெழுகுவது. சுவரில் விரிசலை மறைக்கும் கை, ஊர்வம்பில் உண்மையை மறைக்கும் வாயாகிவிட்டது. பேச்சுத்தமிழில் வினை "மொழுகு" என்று ஒலி மாறியும் போயிருக்கிறது; வாசலை மொழுகச் சொன்ன அம்மாக்கள் ஒருபோதும் மெழுகச் சொன்னதில்லை.

ஆக, பழைய தமிழில் மெழுகு என்ன செய்தது? படிந்தது, குழைந்தது, உருகியது. எரிந்து வெளிச்சம் தரும் வேலை மட்டும் அதற்கு இல்லை. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் நெஞ்சுக்கு உவமை தேடும்போது தீயைக் கண்ட மெழுகைச் சொல்கிறார். அங்கே தீ தனி, மெழுகு தனி. தீக்கு எதிரே நின்று மெழுகு இளகுகிறது, அவ்வளவுதான். பூதத்தாழ்வார் அன்பை விளக்காக்கிப் பாடும்போது அவருக்குத் தேவைப்பட்டவை அகலும் நெய்யும் திரியும். மெழுகுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. "பிறருக்கு ஒளி தர மெழுகுவர்த்தியாய்த் தன்னை உருக்கிக்கொண்டவர்" என்று இன்று ஆசிரியர் ஓய்வுபெறும் விழாவுக்கு விழா சொல்கிறார்களே, அந்த உவமை பழைய தமிழில் பிறந்திருக்கவே முடியாது. அதற்கு மெழுகுக்குள் திரி நுழைந்திருக்க வேண்டும்.

திரி நுழையாத மெழுகு சும்மா இருக்கவில்லை. கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, இறுகியதும் விரலாலும் தட்டைக் கத்தியாலும் அம்மனின் மூக்கு நுனி வரை வடிக்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காய வைத்து, மேலும் மண் அப்பிக் கம்பியால் கட்டினால் கரு தயார். கருவை வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும்; அது விட்டுப்போன இடத்தில் உலோகம் நிறையும். மண்ணை உடைத்தால் சிலை. சோழர் காலத்து நடராசர்களுக்கெல்லாம் முதல் உடம்பு மெழுகுதான். கருவை உடைப்பதால் அதே சிலையை இரண்டாம் முறை வார்க்க முடியாது. ஆத்தங்குடி அச்சும் மெழுகுவர்த்தி அச்சும் இதற்கு நேர் எதிர். ஒன்றையே ஆயிரம் முறை பெற்றெடுக்கத்தான் அவை இருக்கின்றன.

மெழுகுக்குள் திரி வைத்த பழக்கம் தமிழ்க் கடற்கரைக்குப் போர்ச்சுக்கீசியர் காலத்துக் கிறிஸ்தவத்தோடு வந்து ஊன்றியது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் மதம் மாறினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்தார். கத்தோலிக்க வழிபாட்டில் தேன்மெழுகுக்குத் தனி மதிப்பு உண்டு. ஈஸ்டர் இரவில் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீயின் உழைப்பும் போற்றப்படுகிறது. அந்த இரவில் ஏற்றப்படும் பெரிய மெழுகுவர்த்திக்குத் தமிழ்த் திருச்சபை வைத்திருக்கும் பெயர் "பாஸ்கா திரி". வர்த்தி அல்ல, திரி. மலையாளிகளுக்கு எல்லா மெழுகுவர்த்தியும் மெழுகுதிரிதான். ஈழத்தமிழிலும் மெழுகுதிரி வழங்குகிறது. தமிழ்நாட்டுக் கடைவீதி மட்டும் வடமொழி வர்த்தியைப் பிடித்துக்கொண்டு, வத்தி என்றும் பத்தி என்றும் நாக்குக்கு ஏற்றபடி உருட்டிக்கொண்டது. ஊதுவத்தி, வத்திப்பெட்டி, வத்திக்குச்சி, ஊரில் கலகம் மூட்டுகிறவன் வைக்கும் வத்தி எல்லாம் ஒரே குடும்பம். வடக்கே போனால் பாரசீக "மோம்" முன்னால் ஒட்டிக்கொண்டு மோம்பத்தி ஆகிறது.

திரி என்றாலும் வர்த்தி என்றாலும் வேர்ப்பொருள் ஒன்றேதான். திரிப்பது முறுக்குவது, வடமொழி வேரும் சுழற்றுவதையே சொல்கிறது. வேட்டிக் கிழிசலைத் தொடையில் வைத்து உருட்டிய விளக்குத்திரிக்கு இரண்டு பெயரும் கச்சிதம். மெழுகுவர்த்திக்கு இப்போது பொருந்துவதில்லை. முறுக்கிய திரி தீக்கு நடுவே நட்டுக்கொண்டு கரியாகித் தேங்கும், புகையும். ஐரோப்பாவில் அதை அடிக்கடி வெட்டிவிடக் கத்தரி வைத்திருந்தார்கள். 1825-இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் பருத்தி நூலைச் சடையாகப் பின்னித் திரியாக்கினார். பின்னல் திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடரின் விளிம்புக்குப் போய், அங்கே காற்றுப் பட்டுச் சாம்பலாகி உதிர்ந்துவிடுகிறது. கத்தரிக்கு ஓய்வு. நம் விளக்குத் திரியை அவ்வப்போது மேலே தள்ளிவிடும் குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். அந்தக் குச்சி காணாமல் போய், "அவருடைய சொல்லே எனக்குத் தூண்டுகோல்" என்பது மட்டும் மேடையில் மிஞ்சியிருக்கிறது.

தேன்மெழுகு விலை கூடியது. ஏழை வீட்டுக்கு மெழுகுவர்த்தி வந்தது மண்ணிலிருந்து எடுத்த மெழுகால். ஜெர்மனியின் ரைகன்பாக் 1830-இல் பாரஃபினைப் பிரித்தெடுத்தார். எதனோடும் எளிதில் சேராத குணத்தால், "ஒட்டுறவு குறைந்தது" என்ற பொருளில் லத்தீனிலிருந்து பெயர் வைத்தார். 1850-களில் லண்டனின் பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனி அதற்கான மூலப்பொருளுக்குப் பர்மாவைத் தேடி வந்தது. ஐராவதிக் கரையில் ஏனாஞ்சாங் கிணறுகளில் பர்மியர்கள் கையால் தோண்டி இறைத்த கச்சா எண்ணெயில் மெழுகுச் சத்து அதிகம். "ரங்கூன் தார்" என்ற பெயரில் அது கப்பலேறியது. 1886-இல் பர்மா ஆயில் கம்பெனி தொடங்கியபின், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் சுத்திகரிப்பு ஆலை மண்ணெண்ணெயோடு மெழுகையும் பிரித்தது.

அதே ரங்கூனில், அதே காலத்தில், செட்டிநாட்டு நகரத்தார் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் பணம் போட்டது நெல் விளையும் கீழ்ப்பர்மாவில். ஊருக்கு வந்தது தேக்குத் தூண். மெழுகு ஆங்கிலேயர் வியாபாரம். ஆத்தங்குடியின் பெரிய வீடுகளில் நிற்கும் தூணும், பெட்டிக்கடையில் விற்ற மெழுகுவர்த்தியும் ஒரே ஆற்றங்கரை நாட்டோடு தொடர்புடையவை என்பதை அந்த வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் சொல்வதில்லை. தேக்குக்குத்தான் கதை உண்டு.

கப்பலில் வந்ததற்கெல்லாம் தமிழர்கள் "சீமை" என்று முன்னொட்டு போட்டார்கள்: சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம். மண்ணெண்ணெயே சீமையெண்ணெய் ஆகி, சீமெண்ணெய் என்று தேய்ந்தது. மெழுகுவர்த்திக்கு மட்டும் அந்த முத்திரை விழவில்லை. மெழுகும் வத்தியும் முன்பே வீட்டுச் சொற்கள். இரண்டையும் ஒட்டவைத்ததும் பொருள் ஊர்க்காரனாகிவிட்டது. அரிக்கேனும் லாந்தரும் சிம்னியும் ஆங்கிலப் பெயரோடே நுழைந்து ஆங்கிலப் பெயரோடே போய்ச் சேர்ந்தன.

வீட்டில் மெழுகுவர்த்தி வார்ப்பது சுயஉதவிக் குழுக்களின் கைத்தொழிலாகப் பரவியபோது தேவைப்பட்டது கொஞ்சம் சாமான்: இரண்டாகப் பிளக்கும் அலுமினிய அச்சு, பாரஃபின் கட்டி, நூல்கண்டு, கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைக்க இன்னொரு பாத்திரம். மெழுகை நேரே அடுப்பில் ஏற்றக் கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடிபோட்டு அணைக்க வேண்டும். சாதாரண மெழுகுவர்த்திப் பாரஃபின் 58 முதல் 60 டிகிரி வரை வெப்பத்தில் உருகிவிடும். அச்சின் உட்புறம் எண்ணெய் தடவி, நூலைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி ஊற்றினால், ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அந்தக் குழிக்காகக் கொஞ்சம் மெழுகை மீதம் வைத்திருப்பவர்தான் கைதேர்ந்தவர். நூல் மெலிந்தால் சுடர் நடுவில் மட்டும் துளைத்துக்கொண்டு இறங்கும், சுற்றிலும் சுவர் உருகாமல் நிற்கும், தடித்தால் புகை. கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வத்தி வெயிலில் வளையாது, வெள்ளையாகவும் தெரியும். நம் ஊர்க் கோடைக்கு இது அவசியம்.

2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் மெழுகுவர்த்தி இல்லாத வீடு அபூர்வம். பின்னர் மின்சாரம் ஓரளவு சீரானது, இன்வெர்ட்டர் வந்தது, வெள்ளை மெழுகுவர்த்தி அலமாரிக்குப் பின்னால் போனது. வார்க்கிறவர்கள் வேறு சரக்குக்கு மாறினார்கள். சிலிக்கோன் அச்சில் ரோஜாவும் தாமரையும், கொட்டாங்கச்சியிலும் கண்ணாடிக் குவளையிலும் ஊற்றிய சோயா மெழுகு, மல்லிகை வாசனை, விசேஷங்களில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கச் சிறு டப்பா. இந்தச் சரக்குக்கு யாரும் மெழுகுவர்த்தி என்று சொல்வதில்லை, அது "கேண்டில்". கரண்டு போனால் ஏற்றுவது மெழுகுவர்த்தி, பிறந்தநாள் கேக்கில் குத்துவது கேண்டில், வேளாங்கண்ணியில் மாதாவுக்கு ஏற்றுவது மறுபடியும் மெழுகுவர்த்தி. வாசனைக்கும் பரிசுக்கும் ஆங்கிலம், இருட்டுக்கும் நேர்த்திக்கும் தமிழ் என்று சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. விலையும் அப்படியே பிரிந்திருக்கிறது. அச்சில் ஊற்றும் மெழுகு பல பட்டறைகளில் இன்னும் அதே பாரஃபின்தான்.