கட்டுமானப் பாதுகாப்பு அலுவலர்

கட்டுமானப் பாதுகாப்பு அலுவலர் என்பவர் கட்டுமானத் தளங்களில் விபத்துகளைத் தடுக்கும் பொறுப்புடையவர் ஆவார். சாரம், பாரந்தூக்கி, மின்னிணைப்பு ஆகியவற்றைச் சோதிப்பதும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இவரது கடமைகளாகும்.

சட்டம்

இந்தியாவில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட கட்டுமான நிறுவனங்களில் இவரை அமர்த்துவதை 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இவ்வரம்பு 250 ஆனது.

தகுதி

1998ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் பொறியியல் பட்டம் அல்லது பட்டயம், மேற்பார்வை அனுபவம், தொழிற்பாதுகாப்புப் பட்டயம் ஆகியவற்றுடன் தளத்தின் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழியறிவையும் கோரின. சென்னை, தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இப்பட்டயப் படிப்பை நடத்துகிறது.

மொழியறிவின் தேவை

2014 சூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அவர்களுள் ஆந்திர, ஒடிசாத் தொழிலாளர்களும் அடங்குவர். இத்தகைய தளங்களில் தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கை அனைவரையும் சென்றடையாது.